உக்கிராணக்காரரின் சாவி

எங்கள் தோட்டத்துச் சபையில் உக்கிராணத்துவம் பற்றிப் பிரசங்கம் நடக்காத வருடம் இல்லை. கடவுள் கொடுத்த வரங்களை உண்மையாய் நிர்வகிக்க வேண்டும் என்பதே அதன் சாரம். வம்பு என்னவென்றால், உக்கிராணம் என்ற சொல்லுக்குப் பண்டகசாலை என்றும் பொருள் உண்டு. எங்கள் மூப்பர் தேயிலை ஃபெக்டரியில் ஸ்டோர் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். சிட்டை இல்லாமல் ஓர் ஆணியைக்கூட வெளியே விடாதவர். அந்தச் சொல் அவருக்கு எந்தப் பொருளில் விளங்கியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கொழும்புச் சபையொன்று எங்கள் பெண்கள் ஐக்கியத்துக்குக் கையால் சுற்றும் தையல் மெஷின் ஒன்றை அனுப்பியது. வட்டகொடை ஸ்டேஷனில் அது இறங்கியது ஒரு புதன்கிழமை, பிற்பகல் ரயிலில், நல்ல மழையில். நான் சபைச் செயலாளர். நாள் கிழமை குறிக்காமல் எதையும் விடுவதில்லை. வியாழன் காலை மூப்பர் அதற்குப் பொலித்தீன் உறை போட்டு, ஆலயத்தின் பின்னறையில் வைத்துப் பூட்டினார். சாவி அவர் இடுப்பில்.

அந்த மெஷினுக்காகக் காத்திருந்தவர் கொழுந்து பறிக்கும் ஓர் அக்கா. மலையில் வழுக்கி விழுந்து கணுக்கால் பிசகியதிலிருந்து அவரால் ஏற முடியவில்லை. தைக்கத் தெரியும். பள்ளிச் சீருடைகள் தைத்தால் வீட்டில் அடுப்பு எரியும்; இல்லாவிட்டால் அந்தக் காலோடு மறுபடியும் மலை ஏற வேண்டும். கமிட்டிக்கு வந்து கேட்டார்.

“மூப்பரய்யா, மெஷின குடுத்தீங்கன்னா தச்சுப் பொழச்சுக்குவேங்க.”

“குடுக்கலாம்மா. ஆனா ஊசி ஒடஞ்சா? ஆண்டவர் கணக்குக் கேப்பாரே, நான் என்ன சொல்றது?”

“ஊசி ஒடஞ்சிருச்சுன்னு சொல்லுங்க.”

கமிட்டி சிரித்தது. பிறகு, ‘ஜெபத்தோடு யோசிக்கப்படும்’ என்று தீர்மானித்தது. நான் எழுதினேன். அடுத்த மாதமும் அதையே எழுதினேன். அதற்கடுத்த மாதமும். என் கையெழுத்து அழகாக இருக்கிறது என்று போதகர் பாராட்டினார். அதுவும் ஒரு வரம்தானாம்.

எஜமான் கொடுத்த தாலந்தை மண்ணில் புதைத்துவைத்த ஊழியக்காரனின் உவமை எங்கள் சபையில் எல்லோருக்கும் தெரியும். அவனைத் திட்டாதவர் இல்லை. ஆனால் அவன் பொலித்தீன் உறை போடவில்லையே!

அறுப்பின் பண்டிகையன்று மெஷின் வெளியே வந்தது. பூசணிக்காய்க்கும் லீக்ஸ் கட்டுக்கும் நடுவில், சாமந்தி மாலையோடு. போதகர் அதன்மேல் கை வைத்து நன்றி செலுத்தினார். ஆராதனை முடிந்ததும், காய்கறி ஏலத்துக்கு வந்திருந்த பக்கத்து லயத்து வரிசைவீடுகளில் இருக்கும் தையல்காரர் திருநீற்று நெற்றியோடு வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்.

“என்னங்க மூப்பரே, ஆயுத பூஜைய லேட்டா வச்சிருக்கீங்க?”

“பூஜையில்ல, ஸ்தோத்திர ஆராதனை” என்றார் மூப்பர் விறைப்பாக.

“சரிங்க, சரிங்க. நாங்க வருஷம் முழுக்க மெஷின ஓட்டிட்டு ஒரு நா மாலை போட்டு லீவு குடுப்போம். நீங்க வேலையே குடுக்காம மாலை போடுறீங்க.”

அக்கா நொண்டிக்கொண்டே முன்னால் போனார். மாலையைக் கழற்றிப் பூசணிக்காய்க்குப் போட்டார். சக்கரத்தைச் சுற்றினார்; அசையவில்லை. மலைப் பனியின் ஈரம் பொலித்தீனுக்குள் வசதியாகக் குடியிருந்து துருவாகியிருந்தது.

“எண்ணெ இருக்காண்ணே?” என்று தையல்காரரைக் கேட்டார்.

“கடையில இருக்கு தங்கச்சி. கொண்டா, நானே கழட்டிப் பாக்குறேன்.”

அக்காவின் நாத்தனார், காணிக்கைக் காய்கறி கொண்டுவந்த கொழுந்துக் கூடையில் மெஷினை இறக்கி, கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டார். மூப்பர் குறுக்கே வந்தார்.

“சிட்டை போடாமயா? சாவி என்கிட்டல்ல இருக்கு!”

“சாவி ஒங்ககிட்டயே இருக்கட்டுங்க” என்றார் அக்கா. “பத்தரமா வச்சுக்குங்க.”

சீருடைகள் பள்ளி திறக்குமுன் தயாராகிவிட்டன. ஊசி இரண்டு தடவை உடைந்தது. ஆண்டவர் கணக்குக் கேட்டதாகத் தகவல் இல்லை. மூப்பர் இன்னும் ஞாயிறுதோறும் பின்னறைப் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறார். அந்த மாதக் கூட்டக் குறிப்பில் நான் பழக்கதோஷத்தில், மெஷின் விஷயம் ஜெபத்தோடு யோசிக்கப்படும் என்றே எழுதிவைத்தேன். கமிட்டி அதை ஏகமனதாய் ஏற்றுக்கொண்டது.