கூட வந்தவருக்கும் ஒரு டோக்கன்

போன சனிக்கிழமை அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். நீலசந்திராவிலிருந்து தொம்மலூர் தாண்டி, ஐந்து கிலோமீட்டர்தான். இதற்கெல்லாம் ஒரு பயணக் கட்டுரையா என்று கேட்பீர்கள். இந்த ஐந்து கிலோமீட்டருக்கு நான் மூன்று வருடம் தாமதம். அதனால் எழுதுகிறேன்.

காலை 7.10க்கு ஆட்டோ. அப்பாவும் ஏறிக்கொண்டார். டிரைவர் கண்ணாடியில் பார்த்து, "ஐயாவுக்குக் கண்ணு ஆபரேஷனாக்கா?" என்றார்.

"இல்லண்ணா, அம்மாவுக்குக் காட்டணும்."

அப்பாவுக்குப் புரை நீக்கும் ஆபரேஷன் மூன்று வருடம் முன்பே முடிந்தது. பேப்பரில் பொடி எழுத்து தெரியவில்லை என்று அவர் சொன்ன அதே வாரம் கூட்டிப் போனோம்.

ஆட்டோவுக்கு 140 ரூபாய், பதிவுக்கு 150, டோக்கன் எண் 14. கவுன்டர் பெண் நாற்காலியைக் காட்டியதும் அம்மா பழக்கதோஷத்தில் அப்பாவை உட்காரவைத்துவிட்டுப் பின்னால் போய் நின்றாள். "பேஷன்ட் யாரும்மா?" என்று கேட்ட பிறகுதான் முன்னால் வந்தாள்.

அப்பாவைக் கூட்டி வந்த அன்று இதே கவுன்டரில், "கூட வந்த அம்மாவுக்கும் செக் பண்ணிடலாமா? அரை மணி நேரந்தான்" என்று கேட்டார்கள். எனக்கு ஆபீஸில் மீட்டிங். "அவங்க நல்லாத்தான் இருக்காங்க" என்றேன். அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் ஒரு பெண்தான், வெட்கமாக இருக்கிறது. அதற்கப்புறம் அவள் கதவில் இடித்துக்கொண்டாள், டம்ளரைத் தட்டிவிட்டாள். "கண்ண எங்கம்மா வெச்சிருக்க?" என்று சிரித்திருக்கிறேன்.

டாக்டர் நிதானமாகச் சொன்னார். "க்ளாக்கோமா. கண்ணுல அழுத்தம் ஏறி நரம்பு பாதிச்சிருக்கு. ஓரப் பார்வை நிறைய போயிடுச்சு, அது திரும்பாது. மிச்சத்தக் காப்பாத்தணும்னா தினமும் சொட்டு மருந்து விடணும்."

"மூணு வருஷம் முன்னாடி வந்திருந்தா?"

"நிறைய மிஞ்சியிருக்கும்."

வெளியே வந்து, எப்போதிலிருந்து இப்படி என்று அம்மாவைக் கேட்டேன். "உங்கப்பா ஆபரேஷன் அப்பவே ஒரு மாதிரிதான் இருந்துச்சு. அவரு வெளிய போய் வர்ற ஆளு. வூட்டுல கெடக்கறவளுக்கு எதுக்குடின்னு வுட்டுட்டேன்" என்றாள்.

போகிறவர்களுக்கு: எட்டு மணிக்குள் போய்விடுங்கள், அப்படியும் நாங்கள் வெளியே வர 11.50 ஆனது. கண்மணி விரிய மருந்து விடுவார்கள், சில மணி நேரம் மங்கலாகத்தான் தெரியும், டூவீலர் வேண்டாம். கூலிங்கிளாஸ் எடுத்துக்கொள்ளுங்கள். முக்கியமாக, கூட வருகிற பெண்ணுக்கும் ஒரு டோக்கன் போடுங்கள். வேண்டாம் என்பார், காதில் வாங்காதீர்கள்.

அன்று சாயங்காலம் முதல் சொட்டை அப்பா விட்டார். அவர் ஆபரேஷனுக்குப் பிறகு ஆறு வாரம், நேரம் தவறாமல் அவருக்கு மருந்து விட்டவள் அம்மா. அப்பாவுக்குக் கை பழகவில்லை. சொட்டு புருவத்தில் விழுந்து கன்னத்தில் வழிந்தது. "சரியா விழுந்துச்சா?" என்றார்.

அம்மா கன்னத்தைத் துடைத்துக்கொண்டு, "ம், விழுந்துச்சு" என்றாள்.

இந்த முறை நான் நம்பவில்லை. பாட்டிலை வாங்கி மறுபடியும் விட்டேன்.