ஓரகத்தியின் ஃபேஸ்வாஷ்

இன்று நெரவியிலிருந்து காரைக்காலுக்கு என் ஓரகத்தி மல்லிகா அக்காவோடு பஸ்ஸில் போனேன். அவர் என்னைவிட மூன்று வயது மூத்தவர். பக்கத்து சீட்டு அம்மாள் அவரிடம் என்னைக் காட்டிக் கேட்டார்: "இவங்க உங்க அக்காவா?"

அக்கா சிரித்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அந்த முகத்துக்கு அவர் போடுவது கோகோ குளுக்கோசைடு கலந்த ஃபேஸ்வாஷ். பாத்ரூமில் பார்த்து வைத்திருக்கிறேன். அது கெடுதல் என்று யாராவது சொன்னால் போதும் என்றிருந்தது.

அக்கா துணிக்கடைக்குள் நுழைந்ததும் மருந்துக்கடைக்குப் போய்க் கேட்டேன்.

"கெடுதல் இல்லீங்க," என்றார் கடைக்காரர். "தேங்காயெண்ணெயிலேருந்தும் சர்க்கரையிலேருந்தும் செய்யிறது. அழுக்கை எடுக்கும், தோலு ரொம்பக் காயாது. குழந்தைங்க ஷாம்புலகூடப் போடுறாங்க. அபூர்வமா சில பேருக்கு அரிக்கும்."

"யாருக்கு அரிக்கும்?"

நான் கேட்ட ஆவலைப் பார்த்து அவர் முழித்தார்.

வேறு வழியில்லாமல் எனக்கும் ஒரு பாட்டில் வாங்கிப் பைக்குள் மறைத்தேன். திரும்பும்போது டிக்கெட்டுக்காகப் பையைத் திறக்க, அது அக்கா மடியிலேயே விழுந்தது.

"என்கிட்ட கேட்டா குடுத்திருப்பேன்ல? மொதல்ல கையில போட்டுக் கழுவிப் பாரு. செவப்பழகு கிரீம் போட்டு மூஞ்சி வெந்துபோயி, நான் முந்தானையால மூடிக்கிட்டுத் திரிஞ்சேனே. ஒனக்கு அப்படி ஆயிடக் கூடாது."

அழகாக மட்டும் இருந்தால் பொறுத்துக்கொள்வேன். நல்லவராகவும் இருக்கிறார். இப்படி ஓரகத்தி வாய்த்தவர்கள் எப்படித்தான் சமாளிக்கிறீர்கள்?