நில்வா அக்காவின் நோட்டில் இல்லாத லாரி

நில்வா அக்காவுக்கு நாற்பத்தாறு வயது. காலையிலிருந்து பள்ளிக்கூடத்துச் சமையலறையில் இருநூறு பிள்ளைகளுக்குக் கறுப்பு பீன்ஸும் சோறும் ஆக்குவாள். மூன்றரை மணிக்கு அடுப்பை அணைத்து, ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, நூற்றுப்பதினாறாம் நெடுஞ்சாலைக்கு மேலே போகும் நடைமேம்பாலத்தில் வந்து நிற்பாள். லாரி பார்க்க. அதைத் தவிர வேறு காரணம் கிடையாது.

எங்கள் வீடு அவள் வீட்டுக்கு அடுத்தது. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை அனுப்பிவிட்டது, அல்லது நான் பள்ளிக்கூடத்தை அனுப்பிவிட்டேன். இரண்டு தரப்புக்கும் பெரிய வருத்தமில்லை. அதனால் மூன்றரை மணிக்கு எனக்கும் வேலை இருக்காது, நானும் பாலத்துக்குப் போய்விடுவேன். மூன்றாவது ஆள் எர்வினோ. தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். மடக்கு நாற்காலியும் வெந்நீர் ஃபிளாஸ்க்கும் கொண்டுவருவார். ஒரே சுரைக்குடுவையில் கசப்பு மாத்தே டீயை ஊற்றி மூன்று பேரும் மாறி மாறி உறிஞ்சுவோம். எங்கள் பக்கத்தில் ஜூன்தான் குளிர்காலம்; அந்தக் குளிரில் குடுவைக்காகவே நான் போனதும் உண்டு.

அக்காவுக்கு வளைவு தாண்டி வண்டி கண்ணில் படவே வேண்டாம். சத்தம் போதும். 'பழைய மெர்சிடிஸ், பாரம் அதிகம், மூணாவது கியர்ல திணறுது' என்பாள். அரை நிமிடத்தில் அது வந்துவிடும், திணறிக்கொண்டே. ஒருமுறை பழைய ஃபெனெமே லாரியின் சத்தத்தைப் போனில் பதிவு செய்து, பாலத்துத் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு போட்டுவிட்டேன். அந்த லாரி ஓடுகிற நிலையில் எங்கள் பக்கத்தில் நாலு கூட இல்லை. எர்வினோ நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். அக்கா நோட்டைத் திறந்தாள், ரோட்டைப் பார்த்தாள், பிறகு தூணைப் பார்த்தாள்.

"இஞ்சினுக்கு எங்கடி இருமல் வரும், பீடை? உன் இருமலும் சேர்ந்து பதிவாகியிருக்கு."

பீடை என்பது நான்தான். வீட்டிலும் அதேதான்.

அந்த நோட்டுகள் மொத்தம் முப்பத்திநாலு. பள்ளிப் பிள்ளைகள் எழுதும் சாதாரணக் கோடு போட்ட நோட்டு. தேதி, நேரம், எந்தக் கம்பெனி, எந்த வருஷம், நிறம், என்ன பாரம், எந்தத் திசை, கடைசியில் குறிப்பு. பின் பம்பரில் டிரைவர் எழுதியிருப்பது குறிப்பில் வரும். 'என் மாமியார் இந்த வண்டியில் இல்லை, அதான் இவ்வளவு வேகம்.' 'முட்டாதே, உள்ளே தக்காளி.' அக்கா சிரிக்காமல் எழுதுவாள், அப்படியே, எழுத்துப்பிழையோடு. புது வண்டிகளையும் விடமாட்டாள். சன்னல் நிறைய விளக்கு கட்டி வரும் வெள்ளை வால்வோவுக்கும் ஒரு வரி உண்டு, வெங்காயம் ஏற்றி வரும் ஐம்பது வயசு வண்டிக்கும் ஒரு வரிதான்.

லாரி பார்ப்பவர்களுக்குள் ஒரு சட்டம் இருக்கிறது. சொந்த வீட்டு லாரியை எழுதக் கூடாது, படம் எடுத்துப் போடக் கூடாது. எர்வினோவின் மகன் பால் டேங்கர் ஓட்டுகிறான், தினம் இரண்டு தடவை பாலத்தடியில் போகிறான். எர்வினோ அப்போது வானத்தைப் பார்ப்பார். சொந்தப் பிள்ளைக்குப் பரீட்சையில் மார்க் போடும் வாத்தியாரை யார் நம்புவார்கள் என்பது அவர் நியாயம். தெற்கிலிருந்து வடக்கு வரைக்கும் நூற்றுமுப்பது பேர் இருக்கும் எங்கள் வாட்ஸ்அப் குழுவிலும் முதல் சட்டம் அதுதான்.

அதனால் ஆயிரக்கணக்கான லாரிகள் ஏறியிருக்கும் அந்த முப்பத்திநாலு நோட்டிலும் ஒரே ஒரு லாரி மட்டும் இல்லை. நீல நிற ஸ்கானியா, தொண்ணூற்றைந்தாம் வருஷத்து வண்டி, முன்பக்கம் மூக்கு நீண்டது, மரப்பலகை பாடி. அது அக்காவின் புருஷன் அடெலாருடையது.

அவர்கள் கல்யாணமே அந்தப் பாலத்தில்தான் ஆரம்பித்தது. அக்கா கையை மேலே தூக்கிக் கயிறு இழுப்பது போல் இழுத்துக் காட்டினாள். லாரி பார்க்கிற எல்லோரும் அப்படித்தான் ஹாரன் கேட்பார்கள். அடெலார் அடித்தான். இரண்டு நீளம், ஒன்று குட்டை. அடுத்த வாரமும் அடித்தான். மூன்றாவது வாரம் வண்டியை ஓரம் கட்டிவிட்டான். பத்தொன்பது வருஷமாக அதே ஹாரன். அது கேட்டதும் அக்கா பேனாவை எர்வினோவிடம் கொடுத்துவிட்டுப் படியிறங்கிப் போவாள், பீன்ஸ் சூடு பண்ண. அடெலார் வண்டியின் பின் பம்பரில் இருந்தது அக்கா தன் கையால் எழுதியது: 'வீட்டுக்குப் போறேன், வழி விடு.' பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி அந்த வீட்டில் பேச்சு எழுந்து நான் கேட்டதில்லை, சுவர் மெல்லியது என்றாலும்.

அடெலார் எங்கள் மலையிலிருந்து ஆப்பிள் ஏற்றி வடக்கே போவான். திரும்பும்போது சாந்தோஸ் துறைமுகத்தில் உரம் ஏற்ற வரிசையில் நிற்பான். நாலு நாள், ஐந்து நாள். எல்லா டிரைவரும் நிற்பதுதான். ஆனால் அடெலாருக்கு மட்டும் வரிசை எப்போதும் கொஞ்சம் அதிகம். ஊரே அவனுக்காக இரக்கப்பட்டது.

ஜூன் மாதம் ஒரு வியாழக்கிழமை, நாலு மணி இருக்கும். மூன்று பேர் போனும் ஒரே நேரத்தில் சிணுங்கியது. குழுவில் ஜெனிவால்டோ படம் போட்டிருந்தார். அவர் இதே நெடுஞ்சாலையில் வடக்கே இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி, விதோரியா த கொன்கிஸ்தாவில் முடிவெட்டும் கடை வைத்திருப்பவர். குழுவிலேயே நன்றாகப் படம் எடுப்பவர் அவர்தான்.

கற்கள் பாவிய சரிவுத் தெரு. சக்கரத்துக்கு ஒரு கல் அண்டை கொடுத்து நீல ஸ்கானியா நிற்கிறது. கழுவிய ஈரம் இன்னும் காயவில்லை. வண்டியின் பக்கக் கண்ணாடிக் கம்பியிலிருந்து வீட்டுச் சன்னல் கம்பி வரைக்கும் துணிக்கொடி. கொடியில் குட்டிச் சட்டைகள் மூன்று, பெரிய சாம்பல் சட்டை ஒன்று. வண்டியின் மூக்கின் மேல் ஆறு வயசுப் பையன் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கிறான்.

படத்துக்குக் கீழே ஜெனிவால்டோவின் குரல் பதிவு. எர்வினோ தெரியாமல் அதை அழுத்திவிட்டார், அவர் விரல் எப்போதும் அப்படித்தான்.

"மக்களே, பாருங்க இந்த அழகை. எங்க தெருவுல மாசாமாசம் வந்து நிக்கிற வண்டி. அந்த வீட்டம்மாவே சோப்பு போட்டுக் கழுவுறாங்க, அப்படி ஒரு பாசம். மேல உக்காந்திருக்கிறது வண்டிக்காரர் மகன். நில்வாக்கா, நம்பர் பிளேட்டுல உங்க ஊர் பேர் போட்டிருக்கே. உங்க நோட்டுல இருக்கா இது?"

பாலத்தடியில் மரம் ஏற்றிய லாரி ஒன்று போனது. யாரும் எழுதவில்லை.

எர்வினோ போனைக் கால்சட்டைப் பைக்குள் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். அக்கா படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கினாள். சாம்பல் சட்டையில் வந்து நிறுத்தினாள். அந்தச் சட்டையின் பையை அவள் வேறு நூலில் தைத்திருந்தாள், வீட்டில் சாம்பல் நூல் தீர்ந்திருந்ததால். படத்தில் பச்சை நூல் தெரிந்தது. அவள் படத்தை நகர்த்திச் சக்கரத்துக்குப் போனாள்.

"சக்கரத்துக்குப் பின்னாடி தொங்குற மண் தடுப்பு ரப்பர் புதுசு," என்றாள். "ரெண்டு பக்கமும்."

பிறகு ஜெனிவால்டோவுக்கு டைப் செய்தாள். 'இல்லை.' அது பொய்யில்லை. சட்டப்படி அது அந்த நோட்டில் இருக்க முடியாது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்றும் டைப் செய்தாள். 'வேறு படம் இருக்கா?'

லாரி பார்க்கிறவனிடம் கேட்கவே கூடாத கேள்வி அது. ஜெனிவால்டோவுக்குத் தலைகால் புரியவில்லை. ஏழு படம் அனுப்பினார், ஒவ்வொன்றிலும் தேதியோடு, இரண்டு வருஷத்துக்கு. முன்பக்கம், பின்பக்கம், மழையில், திருவிழாக் கொடிகளோடு. பையன் படத்துக்குப் படம் சின்னவனாகிக்கொண்டே போனான். எல்லாத் தேதியும் சாந்தோஸ் வரிசைத் தேதிகள். அதைச் சரிபார்க்க அக்காவுக்கு நோட்டு தேவைப்படவில்லை.

குழுவில் மற்றவர்கள் பாராட்ட ஆரம்பித்தார்கள். என்ன நீலம், என்ன பளபளப்பு, அந்தம்மா கைக்கு முத்தம். நான் வேறென்ன செய்ய? என் போனிலிருந்த கண்றாவி எல்லாவற்றையும் குழுவில் கொட்டினேன். மாடு ஓட்டும் லாரி, வாழைப்பழத்தில் செய்த லாரி, எர்வினோ வாயைத் திறந்து தூங்கும் படம். இருபத்திரண்டு. நீல வண்டி மேலே மேலே போய் மறைந்தது. குழுத் தலைவர் என்னை ஒரு வாரம் வெளியே தள்ளிவிட்டார்.

"போதும்டி," என்றாள் அக்கா, என்னைப் பார்க்காமல். குடுவையை நீட்டினாள். டீ ஆறிப்போயிருந்தது.

எர்வினோ மறுநாள் மெல்லப் பேச்செடுத்தார். ஜெனிவால்டோவுக்கு விஷயத்தைச் சொல்லிவிடலாமா, பாவம், தெரியாமல் செய்துவிட்டார் என்றார். அக்கா வேண்டாம் என்றாள். சொன்னால் அந்த மனுஷன் இனி படமே எடுக்கமாட்டார் என்றாள்.

நாலு நாள் அவள் எதையும் மாற்றவில்லை. சமைத்தாள், பாலத்துக்கு வந்தாள், எழுதினாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அடெலார் போன் செய்தது சுவர் வழியாக எனக்குக் கேட்டது, அவள் பக்கம் மட்டும். வரிசை நகரலையா. சரி. குளிருதா. ஸ்வெட்டர் போட்டுக்கோ. அவ்வளவுதான். அழுவாள் என்று நினைத்துச் சுவரில் காதை வைத்திருந்தேன். பாத்திரம் கழுவும் சத்தம் வந்தது, ரொம்ப நேரம், இரண்டு தட்டுக்கு.

செவ்வாய்க்கிழமை பாலத்துக்குப் போகும்போதே தெரியும், அன்றைக்கு அவன் வருவான் என்று. ஹாரன் அடித்தால் அக்கா இறங்கிப் போவாளா, மாட்டாளா? எர்வினோ நாற்காலியைக்கூட விரிக்கவில்லை. நான் மட்டும் சும்மா இருக்க முடியாமல், எங்கள் மலைப் பைன்மரத்துப் பிஞோன் கொட்டைகளை வேகவைத்துக் கொண்டுவந்து, உரித்து அவள் கோட்டுப் பையில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருந்தேன். அவள் தடுக்கவில்லை.

நாலே கால். வளைவுக்கு அந்தப் பக்கம் சத்தம் வந்தது. அந்த இஞ்சினை அந்தப் பாலத்தில் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. நீல மூக்கு வளைவைத் தாண்டியது. இரண்டு நீளம், ஒன்று குட்டை.

எர்வினோ பழக்கத்தில் கையை நீட்டினார், பேனாவை வாங்க. அக்கா கொடுக்கவில்லை. நோட்டை விரித்து முழங்கையால் காற்றுக்கு அழுத்திக்கொண்டாள். கடிகாரத்தைப் பார்த்தாள். எழுதினாள். ஸ்கானியா. தொண்ணூற்றைந்து. நீலம், மூக்கு வண்டி, பலகை பாடி. உரம். தெற்கு. வண்டி பாலத்தைக் கடந்து அந்தப் பக்கம் போனதும், திரும்பி நின்று பின் பம்பரைப் படித்தாள், முதல் தடவை படிப்பவள் போல. 'வீட்டுக்குப் போறேன், வழி விடு.' அதையும் குறிப்பில் எழுதினாள். மண் தடுப்பு ரப்பர் புதுசு என்றும் எழுதினாள்.

"நில்வா," என்றார் எர்வினோ. "அது வீட்டு வண்டி."

"இல்லண்ணே."

அதற்கு மேல் அவர் சட்டம் பேசவில்லை. அக்கா போனை எடுத்து ஜெனிவால்டோவின் பழைய கேள்வியைத் தேடி, அதற்குக் கீழே டைப் செய்தாள். 'இப்போது என் நோட்டில் இருக்கிறது.' அவர் உடனே கட்டைவிரலும் ஒரு குட்டி லாரியும் அனுப்பினார்.

கீழே அடெலார் வண்டியை ஓரம் கட்டி, இஞ்சினை அணைக்காமல் நின்றிருந்தான். மறுபடி ஹாரன் அடித்தான். பிறகு இறங்கி, பாலத்தின் படியேறி மேலே வந்தான். அவன் அந்தப் படியேறி நான் பார்த்ததில்லை, பத்தொன்பது வருஷத்தில் எர்வினோவும் பார்த்ததில்லை. மூச்சு வாங்கியது.

"என்ன, உடம்பு சரியில்லையா? வரல?"

"வரிசை எப்படி இருந்துச்சு?"

"நீளம். எப்பவும் போல."

அக்கா போனை அவன் பக்கம் நீட்டினாள். அவன் பார்த்தான். மறுபடியும் பார்த்தான். அவன் போட்டிருந்ததும் அந்தச் சாம்பல் சட்டைதான், பச்சை நூல் பையோடு. எத்தனையோ கேட்டிருக்கலாம்.

"இது யாரு எடுத்தது?"

"தெரிஞ்சவர்தான். வண்டி அவருக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சாம்."

வளைவுக்கு அந்தப் பக்கம் வேறொரு இஞ்சின் கேட்டது. அக்கா அவனை விட்டுத் திரும்பி, பேனா மூடியைக் கழற்றினாள். அவன் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றான், டிக்கெட் தொலைத்தவன் போல. பிறகு இறங்கிப் போனான்.

அந்த வாரமே அவன் துணிமணிகளை எடுத்துக்கொண்டான். சண்டை ஏதும் கேட்கவில்லை, சுவர் வீணாகிப்போனது. வண்டி இப்போது வடக்கே பதிவாகியிருக்கிறது, ஆனால் ஆப்பிள் எங்கள் மலையில்தானே காய்க்கிறது. மாதத்துக்கு ஒரு தடவை பாலத்தடியில் போகிறான். ஒவ்வொரு தடவையும் ஹாரன் அடிக்கிறான், இரண்டு நீளம், ஒன்று குட்டை. அக்கா கையைத் தூக்குவதில்லை. ஒரு தடவைகூட எழுதாமல் விட்டதும் இல்லை. இதுவரை பதினொரு வரி. ஜெனிவால்டோ இன்னும் படம் அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறார், யாரும் அவரிடம் சொல்லவில்லை.

பதினொன்றாவது வரி போன வாரம் எழுதியது. நான் அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். 'நீலம் மங்கியிருக்கிறது. பின் பம்பர் எழுத்து அப்படியே இருக்கிறது. இடதுபக்க ரப்பர் கிழிந்திருக்கிறது.' எழுதிவிட்டு, குடுவையில் தண்ணீர் ஊற்றச் சொன்னாள். ஊற்றினேன்.