ரெண்டு சீட்டு வண்டி

“…ஒரு சீட்டு உங்களுக்கு, இன்னொண்ணு இந்தக் கரியடுப்புக்கு. அப்ப நான் எங்கங்க உட்கார்றது?” என்று அக்கா கேட்டபோது அவள் இடுப்பில் ஒரு சின்ன மெத்தை இருந்தது. குழந்தையைத் தூக்கி வைத்திருப்பதுபோல வைத்திருந்தாள். பழுப்புத் துணி உறை, உள்ளே இலவம்பஞ்சு, நான்கு ஓரமும் அவளே கையால் தைத்தது. சிதம்பரத்தில் மாமா வீட்டுக் கொல்லையில், கீற்றுக் கொட்டகைக்கு அடியில், அந்தச் சின்ன காரின் பக்கத்தில் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு உருளையை அப்போதுதான் மாட்டு வண்டியிலிருந்து இறக்கி வைத்திருந்தோம். மாமா, அதாவது அக்காவின் வீட்டுக்காரர், கையில் ஸ்பேனரோடு நின்றார்.

அந்த வண்டியை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு முதலில் வருவது அலுப்புதான். கடலூர் துறைமுகத்துப் பக்கம் ஒரு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைக் கிடங்கு தீப்பிடித்தபோது, அதை ஒட்டிய கொட்டகையில் நின்று சேர்ந்து எரிந்த கார் அது. தன் ஊருக்குக் கப்பலேறிய ஒரு வெள்ளைக்காரர் விட்டுப்போனது. மேலே கூரை கிடையாது, மூக்கு நீளம், இரண்டே சீட்டு. துரைமார்கள் பந்தயம் விடுகிற ஜாதி. மாமா சிதம்பரம் கோர்ட்டில் குமாஸ்தா. ஏதோ வழக்கு விஷயமாகக் கடலூர் போனவரிடம் அந்தக் கிடங்குக்காரர், “நீங்க எடுத்துக்கிட்டுப் போனா எனக்கு எடமாவது மிஞ்சும் சார்” என்று சொல்லியிருக்கிறார். சைக்கிளே ஒழுங்காக விடத் தெரியாத மனிதர், மாடு பூட்டி அதை வெள்ளாறு தாண்டி இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தார்.

அவருடைய அம்மா வாசலுக்கு வந்து பார்த்துவிட்டு, “ஊர்ல ஆம்பளைங்க மாடு வாங்குவாங்க, மனை வாங்குவாங்க. எம்புள்ள சாம்பல வாங்கியாந்திருக்கான்” என்றார். அந்த அம்மாள் பேச்சில் எப்போதும் உப்பு ஒரு கல் ஜாஸ்தி. மாமாவும் சளைத்தவர் இல்லை. “எரிஞ்சது போவட்டும்மா, மிச்சம் இருக்கிறதுதான் வண்டி” என்றார்.

மிச்சம் என்னவோ கொஞ்சம்தான். மேல் தகடு அலுமினியம்; உருகி, மெழுகு வடிந்தமாதிரி வழிந்து உறைந்திருந்தது. உள்ளே தகட்டைத் தாங்கிய மரச் சட்டமெல்லாம் கரி. ஒயர் ஒன்றுகூட உருப்படியில்லை. நான் ஒரு பஸ் கம்பெனியில் ஃபிட்டர். பள்ளிக்கூடம் போய்ப் படித்த வேலையல்ல, காதால் கேட்டும் கையைச் சுட்டுக்கொண்டும் வந்த வேலை. ஆகவே என் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அந்த வண்டிக்கு அடியில் போயின. எங்கே சுரண்டினாலும் வறுத்த மல்லாட்டை வாசனை வரும். பசி வேறு எடுக்கும். யுத்த காலம். டயர் கேட்டால் “யுத்தம்”, ஒயர் கேட்டால் “யுத்தம்”, ஒரு பித்தளைத் திருகு கேட்டாலும் கடைக்காரர் அதே பதிலைத்தான் சொல்வார். பூவரச மரத்தில் சட்டம் போட்டோம். ஐப்பசி மழையில் அது முறுக்கிக்கொண்டது. பிரித்து மறுபடி போட்டோம். மண்ணெண்ணெய்த் தகரத்தை வெட்டித் தட்டி மேலே போர்த்தினோம். ஒரு பக்கம் படிந்தால் மறுபக்கம் எழும்பும். செத்துப்போன பஸ் ஒன்றிலிருந்து கார்புரேட்டரைக் கொண்டுவந்து அரத்தால் ராவி ராவிப் பொருத்தினேன். ஒவ்வொரு ஞாயிறு சாயங்காலமும் மாமா கையைத் துடைத்துக்கொண்டே, “அடுத்த வாரம் ஓடும் மச்சான்” என்பார்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் அரத்தை வீசிவிட்டேன். “எதுக்கு மாமா இந்தக் கஷ்டம்? பாக்கணும்னா எல்லாரும் போற மாதிரி ஒரு பெரிய வண்டியாப் பாக்கக் கூடாதா?” என்றேன். அவர் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தார். முகம் தெரியவில்லை, குரல் மட்டும் வந்தது. “பெரிய வண்டின்னா எல்லாரும் ஏறிக்குவாங்க மச்சான். எங்கம்மா ஏறுவாங்க, தங்கச்சி ஏறுவா, அவ புள்ளைங்க ஏறும். உங்கக்கா சமையக்கட்டுலியே நிப்பா. இதுல ரெண்டு பேருக்குத்தான் எடம். யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது.”

அப்போதெல்லாம் புருஷனும் பெண்டாட்டியும் ஒன்றாகத் தெருவில் போவது கிடையாது. கோயிலுக்குப் போனால்கூட மாமா முன்னால் வேகமாக நடப்பார். அக்கா மாமியாரோடு பின்னால் வருவாள். அவர்கள் கல்யாணம் திருவந்திபுரம் கோயிலில் நடந்தது. முடிந்து திரும்பும்போதே ஆண்கள் ஒரு வண்டி, பெண்கள் ஒரு வண்டி. “மணையில உட்கார்ந்ததோட சரிடா தம்பி. அதுக்கப்புறம் நான் அவுங்க முதுகைத்தான் பாத்திருக்கேன்” என்று அக்கா ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னாள். திருவந்திபுரத்துக்கு ஒரே ஒரு தடவை பக்கத்தில் உட்கார்ந்து போய்வர வேண்டும், இதுதான் அவள் கேட்டது. மாமா சரி என்று சொன்ன வாரம்தான் அவள் சீட்டில் போட மெத்தை தைக்கவென்று இலவம்பஞ்சை வெயிலில் காயப்போட ஆரம்பித்தாள்.

கடைசியில் எஞ்சின் உறுமியது. ஒரு பாட்டில் பெட்ரோல் தீரும்வரை உறுமியது. தெருவே கொல்லையில் கூடிவிட்டது. அதற்குமேல் பெட்ரோலுக்கு எங்கே போவது? உல்லாச வண்டிக்குப் பெட்ரோல் கூப்பன் கிடையாது என்று கையை விரித்துவிட்டார்கள். எங்கள் பஸ்களே அப்போது கரியில்தான் ஓடின. பெரிய உருளையில் அடுப்புக்கரியைப் போட்டு எரித்து, அதில் வருகிற வாயுவை எஞ்சினுக்குக் கொடுக்க வேண்டும். மாமா எங்கோ அலைந்து அப்படி ஒரு உருளையைக் கொண்டுவந்துவிட்டார். வண்டியின் பின்பக்கம் வைக்கலாமென்றால் எங்கள் பூவரசச் சட்டம் அந்தப் பளுவைத் தாங்காது. பெட்ரோல் டாங்கும் அங்கேதான். தனியாகச் சக்கரம் வைத்து இழுக்கலாமென்றால் டயர் இல்லை. உருளையோடு வந்த ஆள் சுற்றிப் பார்த்துவிட்டு, “பக்கத்து சீட்டக் கழட்டிடுங்க சார், கச்சிதமா நிக்கும்” என்றான். நான் கயிறு பிடித்து அளந்தேன். அளவு கச்சிதமாகத்தான் இருந்தது. அதுதான் ஆத்திரம். வண்டி ஓடப்போகிறது என்ற சந்தோஷத்தில் மாமா தலையாட்டிவிட்டு ஸ்பேனரை எடுத்தார். எதற்காக இத்தனை பாடு என்பதை அந்த ஒரு நிமிஷம் மறந்தே போனார் என்றுதான் நினைக்கிறேன்.

அந்த உருளை அன்றைக்கே வந்த வண்டியில் திரும்பிப்போய், காட்டுமன்னார்கோயில் பக்கம் ஒரு ரைஸ் மில்லில் சேர்ந்ததாகக் கேள்வி. பெட்ரோல் தாராளமாகக் கிடைத்த காலத்தில் சட்டத்தைக் கரையான் தின்றிருந்தது, டயர் வெடித்திருந்தது. வண்டி பழைய இரும்புக்குப் போயிற்று. திருவந்திபுரத்துக்கு அது ஒருநாளும் போகவில்லை. இப்போது அக்காவும் உயிரோடு இல்லை, மாமாவும் இல்லை. இன்று என் பேத்தி தன் புருஷன் தோளைப் பிடித்துக்கொண்டு ஸ்கூட்டரில் கீழவீதி வழியாகப் போகிறாள். ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷம், கூடவே ஒரு கடுப்பு.

அந்த மெத்தை என்னிடம் இருக்கிறது. பிரம்பு நாற்காலியில் அதைப் போட்டு உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். அதில் சாயும்போது அந்தக் காலைதான் வரும். அக்கா பதிலுக்குக் காத்திருக்கவில்லை. வண்டியின் சின்னக் கதவைத் திறந்தாள். மெத்தையைப் பக்கத்து சீட்டில் போட்டு ஏறி உட்கார்ந்தாள். கையை நீட்டினாள், மாமா ஸ்பேனரைக் கொடுத்தார். அதை மடியில் வைத்துக்கொண்டு, டிரைவர் சீட்டில் படிந்திருந்த மரத்தூளைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள்.