மேஸ்திரியம்மாவின் கேம்பர்

இரும்புப் பட்டறையில் அத்தனை ஆண் வெல்டர்களுக்கும் மேலே ஒரே ஒரு பெண் மேஸ்திரி. அவள் பொறுப்பில் உருவான முதல் வேலை, ஓடைக்குக் குறுக்கே ஒரு நடைபாலம். உத்தரங்களைக் கிரேன் தூக்கி வைத்த அன்றே தெரு கைகொட்டிச் சிரித்துவிட்டது. பின்னே, இரண்டும் நடுவில் மூன்று விரற்கடை மேலே புடைத்துக்கொண்டல்லவா நின்றன!

"தையல் பிசகினா பிரிச்சுத் தைக்கலாம். இதை எப்படிம்மா பிரிப்பீங்க?" என்றார் கரையோரக் கடைத் தையல்காரர்.

வீட்டில் மாமியார் அதற்கு மேல். "கூனல் பாலம்னு ஊரே சிரிக்குது. வெளியில தலைகாட்ட முடியலை."

"கூனல் இல்லை அத்தை, கேம்பர். பாரம் ஏறினா எந்தப் பாலமும் நடுவுல தாழும். எவ்வளவு தாழுமோ, அவ்வளவு முன்கூட்டியே மேல வளைச்சு வைக்கறதுக்கு அதுதான் பேரு."

"பேரு வச்சுட்டா கூனல் நிமிர்ந்துடுமா?"

மறுநாள் முதலாளியே வந்து நின்றார். ஊர் வாய் அவரையும் ஆட்டி வைத்திருந்தது. "சூடு காட்டி நிமிர்த்திடலாமா?"

"இப்ப நிமிர்த்தினா நாளைக்குத் தொங்கும். வரைபடத்துல இருக்கறபடிதான் வளைச்சிருக்கேன். சமமா உட்காரலைன்னா மேஸ்திரி வேலையை வேற ஆளுக்குக் குடுத்துடுங்க" என்றாள். அந்த வேலைக்கு வர அவள் பட்ட பாடு அவளுக்குத்தானே தெரியும்!

தளம் போடும் நாளன்று, உத்தரத்தின் அடியில் முனைக்கு முனை சிவப்பு நூல் ஒன்றை இழுத்துக் கட்டினாள். நடு இரும்பு நூலைத் தொட்டுவிட்டால் பாலம் சமம். கான்கிரீட் விழ விழ, நூலுக்கும் இரும்புக்கும் நடுவே இருந்த சந்து குறுகிக்கொண்டே வந்தது. கடைசிச் சட்டி கொட்டியபோதும் அரை விரல் பாக்கி. தையல்காரர் தொண்டையைச் செருமினார்.

"கைப்பிடியும் தளக்கல்லும் இன்னும் ஏறலைண்ணே" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

கான்கிரீட் இறுகியது. கைப்பிடி ஏறியது. கடைசித் தளக்கல்லை அவளே பதித்தாள். கீழே போய்ப் பார்க்கக் கால் வரவில்லை. அப்போதுதான் வறண்ட ஓடைக்குள்ளிருந்து ஒரு கூச்சல்.

"தொட்டுடுச்சு! நூலைத் தொட்டுடுச்சு!"

எட்டிப் பார்த்தாள். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, யாரும் கூப்பிடாமலே இறங்கிப் போயிருந்தது மாமியார். அண்ணாந்த முகம் முழுக்கச் சிரிப்பு.

"ஏங்க தையல்காரரே! நல்லாக் கேட்டுக்குங்க. இதுக்குப் பேரு கேம்பர். எங்க வீட்டுப் பொண்ணு வளைச்சது!"