இன்னும் எத்தனை வருஷம்

மண்ணுக்கடியில் கிடக்கும் மின்கேபிளுக்கு ஆயுள் கணிப்பதுதான் மெரேனியா டிப்பாவின் வேலை. தீமரு ஊரில் முப்பத்தொரு வருடமாக அதைத்தான் செய்கிறாள். அவள் சொன்ன வருடத்துக்கு முன்னால் எந்தக் கேபிளும் படுத்ததாகச் சரித்திரம் இல்லை. அதில் அவளுக்குக் கர்வம் கொஞ்சம் அதிகம்தான். இருக்கட்டுமே, உழைத்துச் சம்பாதித்த கர்வம்.

அதற்கு வேட்டு வைக்க வந்து சேர்ந்தார் புது மேலாளர் ஃபிரேசர். அவரிடம் ஓர் அட்டவணை இருந்தது. அறுபது வயது தாண்டிய கேபிளா, தோண்டி எடு. அவ்வளவுதான் அதன் சாரம். கடைத்தெருவில் ஓடுவதோ 1961இல் புதைத்த கேபிள். செம்புக்கம்பி, அதன்மேல் எண்ணெயில் ஊறிய காகிதச் சுற்று, அதற்கும் மேல் ஈய உறை. அட்டவணைப்படி அதன் கதை முடிந்துவிட்டது.

"ஒரு தடவை திறந்து பாத்துட்டு அப்புறம் சாகடிங்க தம்பி" என்றாள் மெரேனியா.

"சரி, திறங்க. உள்ள ஈரம் இருந்துச்சுன்னா இனிமே எல்லாத்துக்கும் அட்டவணைதான். இந்தத் திறந்து பாக்குற வேலையே கிடையாது" என்றார் ஃபிரேசர்.

வியாழக்கிழமை காலை கேபிளில் மின்சாரத்தை நிறுத்தினார்கள். குழிக்குள் இறங்கி ஈய உறையை உரித்தவர் டெஸ். கேபிள் இணைப்பதில் ஊரிலேயே கைதேர்ந்தவர். இருபது வருடமாக மெரேனியாவோடு வேலை செய்கிறார். ஒருவரையொருவர் ஒருநாளும் பாராட்டிக்கொண்டதில்லை. பக்கத்தில் சின்ன அடுப்பில் மெழுகு உருகிச் சூடேறிக்கொண்டிருந்தது. சோதனை எளிது. காகிதத்தில் ஒரு கீற்றை உரித்து மெழுகில் முக்க வேண்டும். காய்ந்த காகிதம் வாயே திறக்காது. துளி ஈரம் இருந்தாலும் சடசடவென்று பொரியும்.

மெரேனியாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. "நகருய்யா, நானே பண்றேன்" என்று இறங்கி, கீற்றை உரித்து மெழுகில் போட்டாள்.

சடசட.

ஃபிரேசர் குறித்துக்கொண்டார். முப்பத்தொரு வருட வேலை இந்தக் குழியோடு போயிற்று என்று மெரேனியா நினைத்தாள். டெஸ் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தார்.

"எதுக்குய்யா இளிக்கிற?"

"கையைக் காட்டு மெரே."

காட்டினாள். உள்ளங்கை தொப்பலாக நனைந்திருந்தது.

"கேபிளுக்கு வேர்க்கல, உனக்குத்தான் வேர்த்திருக்கு. காகிதத்தைக் கையால தொட்டா ஊரையே கூட்டித் திட்டுறவ நீ. இன்னைக்கு இடுக்கி உன் கண்ணுக்குத் தெரியலையாக்கும்."

மெரேனியாவை வெட்கம் பிடுங்கித் தின்றது. கூடவே சிரிப்பும் பொத்துக்கொண்டு வந்தது.

"இது சாக்கு மாதிரி இருக்கே" என்றார் ஃபிரேசர்.

"அப்ப நீங்களே இறங்கிப் பாருங்க" என்றாள் மெரேனியா.

பளபளக்கும் காலணியோடு ஃபிரேசர் சேற்றில் இறங்கினார். இடுக்கியால் ஈயத்தை ஒட்டி ஒரு கீற்று, நடுவில் ஒன்று, கம்பியை ஒட்டி ஒன்று எனப் பிடித்து முக்கினார். மூன்றும் மூச்சுவிடவில்லை.

"அடுப்பு எரியுதா?" என்று சந்தேகப்பட்டார்.

"விரலை விட்டுப் பாருங்களேன்" என்றார் டெஸ்.

ஃபிரேசர் இன்னொரு கீற்றைக் கட்டைவிரலால் நன்றாகத் தேய்த்துவிட்டுப் போட்டார். சடசடவென்று பொரிந்தது. தானே கண்டுபிடித்ததுபோல் அவர் முகம் மலர்ந்தது.

"எத்தனை வருஷம் தாங்கும்?"

மெரேனியா ஒரு கீற்றை மடித்து நிமிர்த்தினாள். நொறுங்கவில்லை. "இந்தப் பக்கம் பதினஞ்சு வருஷம் நிக்கும். துறைமுகத்துப் பக்கத்து முனையைத் திறக்காம முழுசுக்கும் சொல்ல மாட்டேன்."

ஃபிரேசர் யோசித்தார். "திங்கட்கிழமை அதைத் திறங்க. அப்புறம் அறுபது தாண்டின மத்த பதினோரு கேபிளையும் ஒவ்வொண்ணா திறந்துட்டு வந்து என்கிட்ட சொல்லுங்க. தோண்டுறதை அப்புறம் பேசிக்கலாம்."

மெரேனியா டெஸ் பக்கம் திரும்பினாள்.

"மெழுகு நிறைய வாங்கணும்யா" என்றாள்.