மேட் ஆகாத கதவு

பேய் ராத்திரியில்தான் வரும் என்பார்கள். எனக்கு வந்தது பட்டப்பகலில். டியூப் லைட் வெளிச்சத்தில், கம்ப்யூட்டர் திரைக்குள். கதை விடுகிறான் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து மேசைத் தங்கச்சியும் பார்த்தாள். அந்த ஒரு தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

மெஷின் டிசைன் வேலையில் ரொம்ப வருஷமாகக் குப்பை கொட்டுகிறேன். பாகங்களைக் கம்ப்யூட்டரில் வரைந்தால் மட்டும் போதாது. எது எதோடு ஒட்ட வேண்டும், எது அசையலாம், எது அசையக் கூடாது என்று ஒவ்வொன்றுக்கும் கட்டுப் போட வேண்டும். நாங்கள் அதை மேட் என்போம்.

அன்றைக்கு வந்தது ஒரு ஓவன். பெயின்ட் அடித்த இரும்புச் சாமான்களைச் சூட்டில் காயவைக்கிற ஓவன். ஆள் உள்ளே நடந்து போகலாம், அவ்வளவு பெரிசு. வாடிக்கையாளர் தன் பழைய ஓவனின் வரைபடத்தையே அனுப்பி, இதே மாதிரி புதுசு வேண்டும் என்றிருந்தார். சுவர், கூரை, தரை எல்லாம் சமர்த்தாகச் சேர்ந்துகொண்டன. கடைசியில் கதவு. கீலை மாட்டினேன். கதவைச் சட்டத்தோடு ஒட்டினேன்.

ஒட்டவில்லை. சிவப்பு எழுத்தில் பிழை.

மேட்டை அழித்துத் திரும்பப் போட்டேன். பிழை. கதவையே தூக்கிவிட்டுப் புதிதாக வரைந்தேன். பிழை. சாப்பாட்டு டப்பாவைத் திறக்கக்கூட மனசு வரவில்லை. முதலாளி வேறு வந்து தலைக்கு மேல் நின்றார்.

“ஒரு கதவை மூட ஒரு நாளா? ஆசாரிகிட்ட குடுத்திருந்தா மாட்டிட்டு டீ குடிக்கப் போயிருப்பான். சாயங்காலம் தகடு வெட்ட அனுப்பணும். இல்லன்னா நாளைக்கு வேற ஆளைப் பாத்துக்கறேன்.”

மூன்று மணி இருக்கும். எரிச்சலில் மவுஸால் கதவைப் பிடித்து இழுத்தேன்.

கதவு அசையவில்லை. ஓவன் நகர்ந்தது. முழு ஓவனும். அதை நான் அசையாதபடி கட்டிப் போட்டிருந்தேன்...

“தங்கச்சி, இங்க கொஞ்சம் வா.”

எட்டிப் பார்த்தாள். “கதவை யாரோ புடிச்சிட்டிருக்காங்க போலண்ணே,” என்று சிரித்தாள்.

“வாயை வெச்சிட்டு சும்மா இரு.”

கதவுக்கும் சட்டத்துக்கும் இடைவெளி எவ்வளவு என்று அளந்தேன். அறுபது மில்லிமீட்டர். அறுபத்திரண்டு... அறுபது... அறுபத்திரண்டு. நான் எதையும் தொடவில்லை. எண் ஏறியது, இறங்கியது. மூச்சு வாங்குகிற மாதிரி.

அவள் சிரிப்பு நின்றது.

மோதல் சோதனையை ஓட்டினேன். ஒரு பாகம் இன்னொன்றில் இடித்தால் அந்த இடம் சிவப்பாகத் தெரியும். கதவின் உள்பக்கம் இரண்டு சிவப்புத் திட்டுகள். மார்பு உயரத்தில். பக்கத்துப் பக்கத்தில். ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம்.

எதோடு இடிக்கிறது? பெயர் வர வேண்டிய இடம் காலி.

“அண்ணே... அது நகருது.”

திட்டுகள் கீழே இறங்கின. மெதுவாக. இடுப்பு... முழங்கால்...

தரை.

அப்போதுதான் கவனித்தேன். அந்தக் கதவை உள்ளிருந்து திறக்க ஒன்றுமே இல்லை. பழைய வரைபடத்திலும் இல்லை. உள்பக்கம் ஒரு தள்ளுகம்பியை வைத்து, வெளித் தாழோடு இணைத்தேன்.

கதவு தானாக மூடிக்கொண்டது.

முதலாளி வந்து பார்த்தார். “கேக்காததை எதுக்குய்யா வெச்சே? எடு.”

எடுத்தேன். கதவு திறந்துகொண்டது.

“நீங்களே மூடுங்க சார்,” என்று நாற்காலியை விட்டு எழுந்தேன். உட்கார்ந்து கொஞ்ச நேரம் மல்லுக்கட்டினார். வியர்த்துவிட்டது. “அவங்களையே கேட்டுடு,” என்று எழுந்து போனார்.

வாடிக்கையாளருக்கு போன் போட்டேன். “சார், கதவை உள்ளேர்ந்து திறக்க ஒரு கம்பி வெக்கறோம்.”



“...யார் சொன்னாங்க உங்களுக்கு?”

“யாரும் சொல்லல சார்.”

“வைங்க. கண்டிப்பா வைங்க. பழைய ஓவன்ல எங்க ஆள் ஒருத்தன் உள்ள இருக்கறது தெரியாம, மூடிச் சூடு ஏத்திட்டாங்க.”

ஏதாவது கேட்க வேண்டுமே என்று கேட்டேன். “பழைய ஓவனை இன்னும் ஓட்டறீங்களா சார்?”

“எங்க ஓட்டறது? பழுது பாக்க வந்தவங்க எல்லாரும் கையை விரிச்சிட்டாங்க. அன்னையிலேர்ந்து அந்தக் கதவு மூடவே மாட்டேங்குது. அதனாலதானே புதுசு கேட்டோம்.”